நாயின் சங்கிலியைத் தளர்த்திய நாட்டிய அரசி

காலை ஆறு மணி. பெசன்ட் நகர் கடற்கரை. காற்று வாங்க வந்தவர்கள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அதோ, ஒருவர் நாயுடன் வருகிறார். இல்லை, இல்லை! நாய்தான் அவரை இழுத்துக்கொண்டு வருகிறது. நாயின் கழுத்தில் இரும்புச் சங்கிலி. அதன் மறுமுனையை அவர் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறார். நாய்க்கு மூச்சு இரைக்கிறது. அவருக்கும் மூச்சு இரைக்கிறது. ஒரு செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது. கோபம் பொங்கி, சங்கிலியை வெடுக்கென்று இழுக்கிறார். நாய் வீல் என்று கத்துகிறது. அடுத்த நிமிஷமே மறுபடியும் இழுக்க ஆரம்பிக்கிறது.

இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மயிலாப்பூர் மாட வீதியில், தியாகராய நகர் பனகல் பூங்காவின் பக்கத்தில், அடையாறு காந்தி நகரில். பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள்.

நானும் சிரித்தேன். பிறகு அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்த நாய் மாடிப்படிக்கு அடியில் கட்டிக் கிடக்கும் நாய். வாரத்தில் ஒரு நாள்தான் வெளியே வரும். ஆறு நாள் கட்டிக் கிடந்த உயிர் ஏழாம் நாள் மெதுவாக நடக்குமா?

நாயை மிகவும் குட்டையான சங்கிலியில் வெகுநேரம் கட்டிப் போடுவது குற்றம். எப்போதும் கட்டியே வளர்க்கும் நாயைப் போதிய அளவு நடக்க விடாமல் இருப்பதும் குற்றம். நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் இருக்கிறது. 1960-ல் வந்தது. நாய் வளர்க்கிறவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் யார்? பெரிய வக்கீலா? மிருக வைத்தியரா? இரண்டும் இல்லை. அவர் ஒரு நாட்டியக் கலைஞர். இந்தக் கடற்கரையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், திருவான்மியூரில், அவர் உண்டாக்கிய கலைக்கூடம் இருக்கிறது. அவர்தான் ருக்மிணி தேவி அம்மையார். நாட்டியத்துக்கு அவர் செய்த தொண்டை உலகமே அறியும். வாயில்லா ஜீவன்களுக்குச் செய்ததை அறிந்தவர்கள் குறைவு.

மதுரையில் பிறந்தவர்

ருக்மிணி தேவி 1904-ம் ஆண்டு பிப்ரவரி 29-ந் தேதி மதுரையில் பிறந்தார். நான்கு வருஷத்துக்கு ஒரு முறைதான் அவருக்குப் பிறந்த நாள்!

தந்தை நீலகண்ட சாஸ்திரி. மராமத்து இலாகாவில் என்ஜினீயர். சமஸ்கிருதம் நன்கு அறிந்தவர். தாயார் சேஷம்மாள் சங்கீதத்தில் பிரியம் உள்ளவர். சர்க்கார் உத்தியோகம் என்றால் மாற்றல் இல்லாமல் இருக்குமா? குடும்பம் ஊர் ஊராகப் போயிற்று.

நீலகண்ட சாஸ்திரிக்கு அன்னி பெசன்ட் அம்மையாரிடமும் பிரம்மஞான சபையிடமும் பற்று ஏற்பட்டது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அடையாற்றில், சபையின் தலைமை இடத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடிவந்தார். அப்போது அடையாறு ஆற்றங்கரையில் தோப்பும் துரவும்தான். நகரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எல்லா உயிரும் ஒன்றே என்பது பிரம்மஞான சபையினர் போற்றிய கொள்கை. புலால் உண்ணாமையை அவர்களில் பலர் விரதமாகவே கொண்டிருந்தார்கள். சிறுமி ருக்மிணி வளர்ந்த சூழ்நிலை இது.

ஊரைக் கலக்கிய கல்யாணம்

சபைக்கு வெளிநாட்டார் பலர் வருவார்கள். அவர்களில் ஒருவர் ஜார்ஜ் அருண்டேல். ஆங்கிலேயர். காசியில் மத்திய இந்துக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அன்னி பெசன்ட் அம்மையாரின் வலக்கை போன்றவர்.

1920-ல் ருக்மிணி தேவி அவரை மணந்துகொண்டார். மணமகளுக்கு 16 வயது. மணமகனுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. பிராமணக் குடும்பத்துப் பெண் வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொள்வதா? சென்னை நகரம் அல்லோலகல்லோலப்பட்டது. பத்திரிகைகள் எழுதித் தள்ளின. உறவினர்கள் முகம் திருப்பினார்கள்.

ருக்மிணி தேவி பதிலுக்குச் சண்டை போடவில்லை. தம் முடிவையும் மாற்றிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் நாட்டியத்துக்காகவும், அதற்குப் பிறகு மிருகங்களுக்காகவும் ஊராரின் ஏச்சைத் தாங்கிக்கொள்ள வேண்டிவந்தது. அதற்கு முதல் ஒத்திகை இந்தக் கல்யாணத்தில் நடந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கணவருடன் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சுற்றினார். 1925-ல், 21 வயதில், உலக இளைஞர் பிரம்மஞானிகள் சங்கத்தின் தலைவர் ஆனார்.

கப்பலில் கிடைத்த சிநேகிதி

1928-ல் ஆஸ்திரேலியா போகும் கப்பலில் அருண்டேல் தம்பதிகள் ஏறினார்கள். அதே கப்பலில் அன்னா பாவ்லோவாவும் இருந்தார். ருஷ்ய தேசத்து பாலே நடன ராணி. உலகப் புகழ் பெற்றவர். இருவரும் சிநேகிதிகள் ஆனார்கள். ருக்மிணி தேவி பாலே கற்கத் தொடங்கினார். உங்கள் நாட்டு நடனத்தை ஏன் தேடிப் பார்க்கக் கூடாது என்ற எண்ணத்தை அவர் மனத்தில் விதைத்தவர் பாவ்லோவாதான்.

இங்கே இன்னொரு ருஷ்யரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் பாவ்லோவ். இந்த அம்மையாருக்கு உறவினர் அல்ல. அவர் விஞ்ஞானி. நாய்களை வைத்துச் சோதனை செய்தவர். ருக்மிணி தேவி பிறந்த அதே 1904-ல் நோபல் பரிசு பெற்றவர். அவரிடம் பிறகு வருவோம்.

சதிர் பரதநாட்டியம் ஆயிற்று

அந்தக் காலத்தில் நம் நடனத்துக்குச் சதிர் என்று பெயர். கோயில்களைச் சார்ந்த தேவதாசிகள் ஆடிவந்தார்கள். கௌரவமான குடும்பத்துப் பெண்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று ஊர் நினைத்தது. 1930-களின் தொடக்கத்தில் சென்னை மியூசிக் அகாடமி சதிர்க் கச்சேரிகளை மேடை ஏற்றியது. ருக்மிணி தேவி பார்த்தார். சொக்கிப் போனார்.

மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் கற்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றார். வயதோ முப்பது! பச்சைக் குழந்தைகள் பழகும் அடவுகளை முப்பது வயதில் பழகினார். 1935 டிசம்பரில், பிரம்மஞான சபையின் வைர விழாவில், அடையாற்றில் ஆடினார். எதிர்த்தவர்கள் எதிர்த்தபடி இருக்க, கூட்டம் திரண்டது. 1936-ல் கலாக்ஷேத்திரம் பிறந்தது.

அவர் நாட்டியத்தைக் காப்பாற்றினார் என்பவர்கள் உண்டு. பரம்பரைக் கலைஞர்களின் சொத்து கை மாறிப் போயிற்று என்று வருந்துகிறவர்களும் உண்டு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. நம் கதை வேறு திசையில் போகிறது.

அடவு கற்கும் முறையை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் அரைமண்டியில் நிற்கப் பழக வேண்டும். பிறகு ஒரே தட்டடவை மெதுவாக, முதல் காலத்தில். அது சரியான பிறகுதான் இரண்டாம் காலம். அதன் பிறகு மூன்றாம் காலம். முதல் நாளே மூன்றாம் காலத்தில் ஆடு என்று எந்த வாத்தியாரும் சொல்லமாட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் புரியும்.

1939-ல் அருண்டேல் தம்பதிகள் அழைத்ததன் பேரில் இத்தாலி நாட்டுக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்தார். அடித்து மிரட்டாமல் குழந்தையை அதன் போக்கிலேயே கற்கச் செய்யும் முறையை ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். உலக யுத்தம் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கும்படி ஆயிற்று. பிரம்பு இல்லாமல் பாடம் ஏறுமா என்று நம்மவர்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1945-ல் அருண்டேல் காலமானார். ருக்மிணி தேவிக்கு அப்போது 41 வயது. கலாக்ஷேத்திரத்தின் பாரம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

டெல்லியில் ஒரு மசோதா

1952-ல் ருக்மிணி தேவியை ராஜ்ய சபைக்கு நியமன அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தார்கள். கலைக்காக அளித்த பதவி. பாட்டுக்கும் கூத்துக்கும் பணம் கேட்டுப் பேசுவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் மிருகங்களுக்காகப் பேசினார்!

மிருகவதையைத் தடுக்க வெள்ளைக்காரர் காலத்துச் சட்டம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. 1890-ல் செய்தது. பழைய சட்டம், சொற்பத் தண்டனை. வண்டி மாட்டின் வாலைக் கடிக்கிறவர், புண் பிடித்த தோளில் நுகத்தடி வைக்கிறவர், குரங்குகளைக் கூண்டில் அடைத்து ஏற்றுமதி செய்கிறவர் ஆகிய யாரும் அதற்குப் பயப்படவில்லை.

1953-ல் ருக்மிணி தேவி தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். மந்திரிகள் கொண்டுவரும் சர்க்கார் மசோதா அல்ல, தனி அங்கத்தினர் மசோதா. இப்படிப்பட்டவை சட்டமாவது அபூர்வம். சுதந்திரம் வந்து ஆறு வருஷந்தான் ஆகியிருந்தது. மனிதனுக்கே அரிசி போதாத காலம். மாட்டுக்கும் நாய்க்கும் சட்டம் வேண்டும் என்று ஒரு பெண் எழுந்து நின்றால் சபை சிரித்திருக்கலாம். ஆனால் பிரதம மந்திரி நேரு சிரிக்கவில்லை. மசோதாவின் நோக்கம் நல்லது என்று ஏற்றுக்கொண்டார். இதை வாபஸ் வாங்கினால் சர்க்காரே ஒரு விரிவான மசோதாவைக் கொண்டுவரும் என்று வாக்குறுதி கொடுத்தார்.

ருக்மிணி தேவி என்ன செய்வது? பிடிவாதமாக ஓட்டுக்கு விட்டால் மசோதா தோற்கலாம். வாபஸ் வாங்கினால் வாக்குறுதி காற்றோடு போய்விடலாம். அவர் வாபஸ் வாங்கினார்.

குழு அமைந்தது. விசாரணை நடந்தது. ஒரு வருஷம் அல்ல, இரண்டு வருஷம் அல்ல, ஆறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1960-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறி ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்றது.

அவர் விரும்பியது முழுவதும் அதில் கிடைக்கவில்லை. விஞ்ஞானச் சோதனைகளுக்கு மிருகங்களைப் பயன்படுத்துவதை அவர் வெறுத்தார். சட்டமோ கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. மதச் சடங்குப்படி மிருகத்தைக் கொல்வதைக் குற்றமாகக் கருதவில்லை. ஆனாலும் அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது, நோயுற்ற மிருகத்தை வேலை வாங்குவது, பட்டினி போடுவது என்று ஒரு பெரிய ஜாபிதாவே சட்டத்தின் 11-வது பிரிவில் இருக்கிறது.

அந்த ஜாபிதாவில்தான் நம் கடற்கரை நாயும் இருக்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் ஒரு பிராணியை நியாயமில்லாத அளவுக்கு நெடுநேரம் கட்டி வைத்தால் குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வளர்க்கும் நாயை, சொந்தக்காரர் தாமாவது பிறரைக் கொண்டாவது போதிய அளவு நடக்க வைக்காவிட்டால் குற்றம். பசியாலும் தாகத்தாலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிட்டாலும் குற்றம்.

எத்தனை மணி நேரம் நெடுநேரம்? எத்தனை முழம் குட்டை? சட்டம் கணக்குச் சொல்லவில்லை. அதை நம் மனசாட்சிக்கு விட்டுவிட்டது போலிருக்கிறது. அபராதமோ முதல் குற்றத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் இல்லை. 1960-ல் அது ஒரு தொகை. இன்றும் அதே 50 ரூபாய்தான். ஒரு நல்ல கழுத்துப் பட்டைகூட அந்த விலைக்குக் கிடைக்காது.

அந்தப் பட்டியலில் உள்ள மூன்று குற்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருபவை. நாய்க்கு ஒழுங்காக நடக்கத் தெரியவில்லை. இழுக்கிறது. அதனால் வெளியே கூட்டிப் போவதில்லை. கட்டியே கிடப்பதால் அதற்கு ஆத்திரம் ஏறுகிறது. குரைக்கிறது, கடிக்கப் பாய்கிறது. கடைசியில் ஒரு நாள் இரவு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எங்காவது இறக்கிவிட்டுவிடுகிறார்கள். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தெரு நாய்கள் அதைச் சேர்த்துக்கொள்ளவும் மாட்டா. முதல் முடிச்சு எங்கே விழுகிறது பாருங்கள்: நடை பழக்காததில்!

அந்த முடிச்சை அவிழ்ப்பது எப்படி?

அடிக்காமல் நடை பழக்குவது

இப்போது அந்த ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவிடம் வருவோம். சோறு போடுவதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்கும்படி செய்தார். சில நாளில், சோறு வராமலே, சத்தம் கேட்டவுடன் நாய்க்கு வாய் ஊறியது. ஒன்றுக்குப் பின் ஒன்று வரும் இரண்டு விஷயங்களை நாயின் மூளை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்பது அவர் கண்டது. அதைக் காண்பதற்கு அவர் நாய்களின் கன்னத்தை அறுத்துக் குழாய் வைத்தார். ருக்மிணி தேவி அம்மையார் அந்தச் சோதனையைச் சகித்திருக்க மாட்டார். அந்த நாய்கள் பட்ட பாட்டில் கிடைத்த அறிவை இன்று நம் வீட்டு நாயின் நன்மைக்குப் பயன்படுத்துகிறோம். இதை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆணியில் தொங்கும் சங்கிலியை எடுத்தவுடன் உங்கள் நாய் துள்ளிக் குதிக்கிறதா? அது பாவ்லோவின் பாடம்தான். சங்கிலிச் சத்தம் என்றால் வெளியே போகலாம் என்று முடிச்சுப் போட்டுக்கொண்டுவிட்டது. துள்ளும்போதே மாட்டிக்கொண்டு கிளம்பினால், துள்ளினால்தான் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். ஆகையால் சங்கிலியை எடுங்கள். துள்ளினால் திரும்ப வைத்துவிட்டு உட்காருங்கள். அடங்கியதும் மறுபடி எடுங்கள். முதல் நாள் பத்துத் தடவை ஆகலாம். நாலு நாளில் நின்று மாட்டிக்கொள்ளும்.

இரும்புச் சங்கிலியை விட்டுவிடுங்கள். ஆறடி நீளத்தில் கனமில்லாத துணி வார் போதும். கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். ரொம்ப இழுக்கிற நாய்க்குக் கழுத்தில் மாட்டாமல் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை நல்லது. கடையில் ஹார்னெஸ் என்று கேட்டால் தருவார்கள். முள் வைத்த பட்டை, இழுக்க இழுக்க இறுகும் சுருக்குச் சங்கிலி இவையெல்லாம் வேண்டாம். அவை நாயின் தொண்டையை நசுக்கும். வலி எதனால் வருகிறது என்று நாய்க்குத் தெரியாது. எதிரே வரும் குழந்தையைப் பார்க்கும்போது கழுத்து வலித்தால், குழந்தை வந்தால் வலிக்கும் என்று முடிச்சுப் போட்டுக்கொண்டுவிடும். பிறகு அந்தக் குழந்தையைப் பார்த்துச் சீறும். எவ்வளவு ஆபத்து பாருங்கள்!

முதல் காலம் வீட்டுக்குள்ளே. கூடத்திலோ மொட்டை மாடியிலோ வாரைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு இரண்டு அடி நடங்கள். நாய் உங்கள் காலுக்குப் பக்கத்தில் வந்தால், அந்த இடத்திலேயே ஒரு சின்னத் துண்டு வேகவைத்த முட்டையோ கேரட்டோ கொடுங்கள். பட்டாணி அளவு போதும். மறுபடி இரண்டு அடி. மறுபடி ஒரு துண்டு. உங்கள் பக்கத்தில் இருப்பது லாபம் என்று அது கணக்குப் போட வேண்டும். வெங்காயம், சாக்லெட், திராட்சை வேண்டாம். அவை நாய்க்கு விஷம்.

இரண்டாம் காலம் வீட்டு வாசல். மூன்றாம் காலம் தெரு. அடவு வகுப்பைப் போலத்தான். கூடத்தில் சரியாக வராததைப் பாண்டி பஜாரில் எதிர்பார்க்கக் கூடாது.

தெருவில் ஒரே ஒரு விதி. வார் இறுகினால் நில்லுங்கள். மரம் போல நில்லுங்கள். திட்ட வேண்டாம், பின்னால் இழுக்க வேண்டாம். நாய் இழுத்துப் பார்க்கும். பிறகு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கும். ஓர் அடி பின்னால் வரும். வார் தளரும். தளர்ந்த அந்த நொடியே நடங்கள். நாய்க்கு வேண்டியது முன்னால் போவது. இழுத்தால் அது கிடைக்காது, தளர்ந்தால் கிடைக்கும். இவ்வளவுதான் வித்தை.

சுலபமாகத் தோன்றுகிறது அல்லவா? செய்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். முதல் நாள் பத்து வீடு தாண்டக் கால் மணி நேரம் ஆகும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆபீசுக்கு நேரம் ஆகிறதே என்று ஒரே ஒரு தடவை இழுபட்டுக்கொண்டு போனால் போதும், பாடம் கெட்டுவிடும். பத்துத் தடவை இழுத்தால் ஒரு தடவை பலிக்கும் என்று நாய் தெரிந்துகொண்டுவிடும். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவர் விடுவாரா? அதுவும் விடாது. அப்பா ஒரு விதி, பிள்ளை ஒரு விதி என்றும் இருக்கக் கூடாது. வீட்டில் யார் பிடித்தாலும் ஒரே விதி.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? தப்புச் செய்த தகுதிதான். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. இழுத்தால் நான் வெடுக்கென்று இழுப்பேன். ஒரு வருஷம் இழுத்தேன். அது என்னைவிட பலசாலி ஆனதுதான் மிச்சம். பிறகு ஒரு மிருக வைத்தியர் இந்த மரம் போல நிற்கிற வித்தையைச் சொன்னார். மூன்று வாரத்தில் என் பாட்டி அதைக் கபாலீசுவரர் கோயில் குளக்கரை வரை கூட்டிப் போய் வந்தாள்!

சென்னைக்கென்று சில விசேஷங்கள் உண்டு. தார் ரோடு. வெயில் ஏறிய பின் புறங்கையை ரோட்டில் வைத்துப் பாருங்கள். ஏழு நொடி வைத்திருக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கூட்டிப் போங்கள். அடுத்தது தெரு நாய்கள். ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. அவை தூரத்தில் தெரியும்போதே எதிர்ச் சாரிக்கு மாறிவிடுங்கள், அல்லது திரும்பி நடங்கள். வாரை இறுக்கிப் பிடித்தால் உங்கள் பயம் நாய்க்குத் தொற்றிவிடும்.

இன்னொன்று. நாய் மோப்பம் பிடிக்கட்டும். நமக்குப் பத்திரிகை எப்படியோ அப்படி அதற்கு விளக்குக் கம்பம். படித்துக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் உங்களுக்குக் கோபம் வராதா?

தியாகராய நகரில் ஒரு விமானி

ருக்மிணி தேவியின் மசோதா டெல்லியில் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்த நேரம். இங்கே தியாகராய நகரில் இன்னொரு காரியம் முளைவிட்டது. காப்டன் வி. சுந்தரம் ஒரு விமானி. மைசூர் மகாராஜாவின் விமானத்தை ஓட்டியவர். அவருடைய மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர். ஆகாயத்தில் பறந்தவர்கள் மண்ணில் கிடந்த நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்தார்கள். 1959-ல் தங்கள் குடும்பத்தாருடன் புளு கிராஸ் என்ற பிராணிகள் நலச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடிபட்ட நாய், பூனை, மாடு எதுவானாலும் எடுத்து வந்து வைத்தியம் செய்யும் சங்கமாக அது வளர்ந்தது. தெரு நாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்வோம் என்று விடாமல் சொல்லிவந்தது. 1996-ல்தான் தென்சென்னையில் மாநகராட்சி அந்த முறையை ஏற்றது. காப்டன் சுந்தரம் 1997-ல் காலமானார். தாம் கேட்டது நடக்கத் தொடங்கியதைப் பார்த்துவிட்டே போனார்.

வாரியத் தலைவி

சட்டம் எழுதிவிட்டால் போதுமா? நிறைவேற்ற ஆள் வேண்டாமா? சட்டத்தின்படி 1962-ல் பிராணிகள் நல வாரியம் அமைந்தது. முதல் தலைவர் ருக்மிணி தேவி. தலைமை அலுவலகம் சென்னையில். கலாக்ஷேத்திரம் திருவான்மியூரின் பரந்த மணல் வெளிக்குக் குடிபோனதும் அதே ஆண்டை ஒட்டித்தான். காலையில் நாட்டிய ஒத்திகை, அதன் பிறகு வாரியக் கடிதங்கள் என்று இரண்டு குதிரைகளையும் ஒரே ஆள் ஓட்டினார்.

1977-ல் ஒரு நாள் டெல்லியிலிருந்து பெரிய சேதி வந்தது. பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் அவரை ஜனாதிபதி பதவிக்கு நிறுத்த விரும்பினார். நினைத்துப் பாருங்கள், வாசகர்களே! அதுவரை எந்தப் பெண்ணும் அந்த ஆசனத்தில் அமர்ந்ததில்லை. பிறகும் 2007 வரை அமரவில்லை. ருக்மிணி தேவி வேண்டாம் என்றார். ராஷ்டிரபதி பவனத்தைவிடத் திருவான்மியூர் மணல் அவருக்குப் பெரிதாக இருந்தது.

அவருக்குப் பத்ம பூஷண் விருது 1956-ல் வந்தது. சங்கீத நாடக அகாடமியின் விருது 1957-ல் வந்தது. உலக சைவ உணவாளர் சங்கத்தின் உபதலைவர் பதவி முப்பது ஆண்டு அவரிடம் இருந்தது. இவை போக, நெசவு, சாயம், கோயில் ஜரிகைக் கரைப் புடவைகள் என்று அவர் செய்தவற்றுக்கு இன்னொரு ஞாயிறு வேண்டும்.

1986-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி ருக்மிணி தேவி சென்னையில் காலமானார். வயது 81. அன்றுவரை வாரியத் தலைவர் பொறுப்பு அவரிடமே இருந்தது. 1993-ல் பார்லிமெண்டு தனிச் சட்டம் இயற்றிக் கலாக்ஷேத்திரத்தைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம் என்று அறிவித்தது. பிராணிகள் நல வாரியத்தின் அலுவலகம் பின்னாளில் சென்னையை விட்டு ஹரியானாவுக்குப் போய்விட்டது.

கடற்கரை மனிதரைச் சென்ற ஞாயிறும் பார்த்தேன். சங்கிலி போய்த் துணி வார் வந்திருந்தது. வாரத்தில் ஆறு நாள் மாலையில் மகள் கூட்டிப் போகிறாளாம். நாய் இழுத்தது. அவர் நின்றார். மீன் கூடையோடு போன ஒரு அம்மா என்னய்யா நடு ரோட்டில் நிற்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனாள். அவர் பதில் சொல்லவில்லை. நாய் திரும்பிப் பார்க்கும் வரை நின்றுகொண்டிருந்தார்.